இரண்டு வீட்டுக்கு ஒரே பதிவேடு

ஒரு பள்ளியில் முருகன் என்னும் பெயருடைய மாணவர் இருவர் இருப்பது புதுமையன்று. ஒருவன் ‘அ’ பிரிவிலும் மற்றவன் ‘ஆ’ பிரிவிலும் இருக்கும்வரை ஆசிரியருக்குத் தொல்லை இல்லை. பள்ளி முழுமைக்கும் ஒரே வருகைப் பதிவேடு வைத்து, அதில் ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம் என்று விதித்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டாம் முருகனுக்குப் பள்ளியில் இடமே இராது. கணிப்பொறி உலகில் 2008-ஆம் ஆண்டில் இத்தகைய இக்கட்டு மெய்யாகவே நேர்ந்தது. அதன் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் மென்பொருளின் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். ஒரே கெர்னலின் கீழ்ப் பல குடித்தனங்களை ஒருவரையொருவர் அறியாதபடி குடியமர்த்தும் ஏற்பாட்டைக் கொள்கலன் என்கிறார்கள். வாடகைக்கு விடப்படும் பெருங் கணிப்பொறிகளில் இன்று முன்பின் அறியாதவர்களின் அலுவல்கள் பல இவ்வாறு அடுத்தடுத்து நடைபெறுகின்றன.

இந்தக் குடித்தனத்திற்கு முதற்சுவர் எழுந்தது 1979-இல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘ச்ரூட்’ என்னும் கட்டளை இருந்தது. ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு கிளையை மட்டும் காட்டி, இதுவே உலகம் என்று நம்பச் செய்வது அதன் வேலை. 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீ பி.எஸ்.டி. நான்காம் பதிப்பில், பால் ஹென்னிங் காம்ப் என்பவர் ஆக்கிய ‘ஜெயில்’ வந்தது. பெயர் கடுமைதான், ஆனால் பொருத்தமானது. சிறைக்குள் ஒருவன் தலைவனாகவே இருந்தாலும் அவன் அதிகாரம் மதிலோடு நின்றுவிடும். லினக்ஸ் வேறு வழியில் சென்றது. கோப்பு, பிணையம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ‘பெயர்வெளி’ வகுக்கத் தொடங்கியது. அவற்றுள் முதலாவது 2002-இல் வந்தது.

இதற்கிடையே, 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6-இல், பேட்ரிக் மோச்செல் அமைத்த ‘சிஸ்எஃப்எஸ்’ இடம்பெற்றது. கணிப்பொறியில் உள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு. அதன் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு சிறு கோப்பு. பிணைய அட்டையின் முகவரி யாது, அதன் வேகம் என்ன என்பதை அக்கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளலாம். நல்ல பதிவேடு, ஆனால் வீடு ஒன்று என்று எண்ணி எழுதப்பட்ட பதிவேடு.

2008 ஜனவரியில் வந்த 2.6.24-இல் பிணையப் பெயர்வெளி தலைகாட்டியது. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் அதற்கே உரிய பிணையக் கருவிகள் உண்டு. எல்லோரும் தம் முதற் கருவியை ‘ஈத்0’ என்றே அழைக்க விரும்புவர்; தன்னோடு தானே பேசிக்கொள்ளும் ‘லோ’ என்பதோ ஒவ்வொருவரிடமும் இருந்தே ஆகவேண்டும். பதிவேட்டிலோ ஒரு ‘லோ’வுக்கு மட்டுமே வரி உண்டு. ஆகவே, பிணையப் பெயர்வெளி வேண்டுமானால் சிஸ்எஃப்எஸ்ஸை நீக்கித்தான் கெர்னலைக் கட்டவேண்டும் என்று அப்போது விதி செய்தார்கள். சுவர் வேண்டுமா, பதிவேடு வேண்டுமா என்று கேட்டதற்கு ஒப்பான விதி அது. பதிவேடு இல்லாமல் அன்றாட நிரல்கள் பல இயங்கமாட்டா. எனவே சுவர் இருந்தும் பயன்படுத்துவார் இல்லை. 2009-இல் வந்த 2.6.29-இல், தாய்வீட்டுக் கருவிகளை மட்டும் பதிவேட்டில் எழுதி, மற்றவற்றை எழுதாமல் விட்டார்கள். இருவரும் பள்ளிக்கு வரலாம், ஒருவன் பெயர் மட்டும் ஏட்டில் இராது என்பதுபோல!

எரிக் பீடர்மன் என்பவர் இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. பிணையக் கருவிகளைக் குறிக்கும் அடைவில் ஒவ்வொரு வரிக்கும், அது எந்தப் பெயர்வெளிக்கு உரியது என்று ஒரு சீட்டு ஒட்டினார். பதிவேட்டைத் தன் கோப்பு மரத்தில் பொருத்திக்கொள்பவன் எவ்வெளியைச் சேர்ந்தவன் என்பதையும் அப்பொருத்தலே நினைவில் வைக்கும். பெயரும் சீட்டும் ஒருங்கே பொருந்தினால்தான் வரி கண்ணுக்குத் தெரியும். ஏடு ஒன்றே, வாசிப்பவனுக்கு ஏற்பப் பக்கம் மாறுகிறது. இதைக் கெர்னலில் ஏற்பதற்கு நீண்ட விவாதம் நடந்தது. 2010 ஆகஸ்டில் வெளியான 2.6.35-இல்தான் இடம் கிடைத்தது. தீர்வு சிறியது, காத்திருப்பு பெரியது. பள்ளி நிர்வாகத்தில் பழகிய எனக்கு இது வியப்பளிக்கவில்லை.

ஆனால் சீட்டு ஒட்டப்பட்டது பெரும்பாலும் பிணையக் கருவிகளுக்கே. வட்டுகள், செயலிகள், மின்செலவுக் கணக்கு முதலியவை பொது ஏட்டிலேயே நின்றன. அதனால் விளையக்கூடிய கேட்டை 2017-இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். கொள்கலனுக்குள் இருந்துகொண்டே முழுப் பொறியின் மின்செலவைப் படித்து, அது உச்சத்தை நெருங்கும் வேளை பார்த்துத் தானும் சுமையேற்றி, மின்வழங்கலையே தடுமாறச் செய்யலாம் என்றனர். 2020-இல் மற்றொரு குழுவினர், அதே மின்கணக்கைக் கூர்ந்து படித்தே செயலி காத்துவைத்திருந்த மறைபொருளை வெளிக்கொணர்ந்து காட்டினர். அதன்பின் அக்கோப்பைத் தலைமைப் பயனர் மட்டுமே படிக்கலாம் என்று கெர்னலில் திருத்தினார்கள். கொள்கலனுக்குள்ளும் தலைமைப் பயனர் ஒருவர் இருப்பாரே! அவர் கண்ணுக்கும் படாமல் அப்பக்கத்தை மூடிவைக்கும் ஏற்பாட்டை டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருள் 2023-இல் செய்தது.