தார் பாலைவனப் போக்குவரத்து

தார் பாலைவனம் இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானின் தென்கிழக்கிலும் ஏறத்தாழ 2 லட்சம் சதுர கி.மீ. பரந்து கிடக்கிறது. அதில் பெரும்பகுதி ராஜஸ்தானைச் சேர்ந்தது. ஜோத்பூர், பிகானேர், ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய நகரங்களே இந்தியப் பகுதியின் போக்குவரத்து மையங்கள். இங்கு மேற்கே போகும் ரயில் பாதைகளும் சாலைகளும் பன்னாட்டு எல்லையோடு முடிந்துவிடுகின்றன. நெடுந்தொலைவுச் சாலைகளோ எல்லையை ஒட்டியே வடக்கு தெற்காக ஓடுகின்றன. 1947 பிரிவினைக்கு முன் தாரின் வழித்தடங்கள் சிந்து மாகாணத்தை நோக்கியே அமைந்திருந்தன. அதை மனத்தில் கொண்டால்தான் இன்றைய அமைப்பு புரியும்.

சிந்துவுக்குச் சென்ற ஒட்டகச் சாத்துகளின் வணிகத்தாலும் சுங்கத்தாலும் வளர்ந்த ஊர் ஜெய்சல்மேர். அங்குள்ள செதுக்கு வேலைப்பாடு மிகுந்த மாளிகைகள் அந்த வணிகர்கள் கட்டியவை. பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் 19ஆம் நூற்றாண்டில் சரக்கை வேறு பக்கம் இழுத்துக்கொண்டன. எஞ்சியதைப் பிரிவினை நிறுத்தியது.

விரைவுப் பயணத்துக்கு ஜெய்சல்மேரி இன ஒட்டகமும், பாரம் சுமக்கவும் வண்டி இழுக்கவும் பிகானேரி இனமும் பெயர்பெற்றவை. ஒட்டக வண்டிகளுக்குப் பழைய விமான டயர்களைப் பொருத்தும் வழக்கம் உண்டு. அகலமான அந்த டயர் மணலில் எளிதில் புதைவதில்லை. டிராக்டரும் சரக்கு வேன்களும் பெருகி, மேய்ச்சல் நிலம் சுருங்கியதால் ஒட்டகங்கள் வேகமாகக் குறைந்து வருகின்றன. 2012இல் இந்தியா முழுவதும் சுமார் 4 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2019 கணக்கெடுப்பில் 2.5 லட்சமாக இறங்கியது. ஒட்டகத்தைக் காக்க ராஜஸ்தான் அரசு 2015இல் கொண்டுவந்த சட்டம், வெளிமாநில விற்பனையைக் கட்டுப்படுத்தியதால், வளர்ப்பவர்களான ராய்க்கா மக்களின் சந்தையையே முடக்கியது. வாங்க ஆளில்லாத விலங்கை ஏழைக் குடும்பம் எத்தனை நாள் வளர்க்கும் என்பதை அச்சட்டம் கருதவில்லை.

மார்வார் (ஜோத்பூர்) சமஸ்தானத்தின் மீட்டர் பாதை 1882இல் பாலியையும் 1885இல் ஜோத்பூரையும் அடைந்தது. பின்னர் பார்மேர் வழியாகச் சென்று சிந்துவின் ஹைதராபாத்துடன் இணைந்தது. பிரிவினைக்குப் பிறகும் ஓடிய ரயில்கள் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் நின்றன. அந்தப் போரின்போது காட்ரா ரோடு பகுதியில் இந்தியப் படைக்குப் பொருள் கொண்டுசென்ற ரயில்வே ஊழியர்கள் 17 பேர் உயிரிழந்தனர். அவர்களுக்கு அங்கே ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்படுகிறது. 2006 பிப்ரவரியில் முனாபாவ் - கோக்ராபார் எல்லை நிலையங்கள் வழியே தார் எக்ஸ்பிரஸ் தொடங்கியது. எல்லையின் இருபுறமும் பிரிந்து வாழும் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்த அந்த ரயில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. ஜெய்சல்மேருக்கு 1960களின் பிற்பகுதியில்தான் ரயில் வந்தது. அதுவரை பொக்ரான்தான் கடைசி நிலையம்.

கோடையில் வீசும் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் சில மணி நேரத்திலேயே தண்டவாளத்தை மணலால் மூடிவிடும். அம்மாதங்களில் ஊழியர்கள் பாதையைச் சுற்றிப் பார்த்து மண்வெட்டியால் மணலை அள்ளுகிறார்கள். ஜோத்பூரிலுள்ள மத்திய வறள்நில ஆய்வு நிறுவனம் பரவலாக்கிய முறை எளியது: மணற்குன்றின் மேல் உலர்ந்த புதர்களைச் சதுரங்கக் கட்டம்போல வரிசையாக ஊன்றி, காற்றின் வேகத்தைத் தரைமட்டத்தில் தணித்து, இடையில் மரக்கன்றுகளையும் புல்லையும் வளர்ப்பது. இப்படி நிலைப்படுத்திய குன்று பாதையின் மேல் நகர்வதில்லை.

தண்ணீரும் ரயிலில் போவதுண்டு. 2022 கோடையில் பாலி நகரின் தாகம் தீர்க்க ஜோத்பூரிலிருந்து தண்ணீர் ரயில்கள் இயக்கப்பட்டன.

பார்மேர் எண்ணெய்க்குத் தனி வழி தேவைப்பட்டது. 2004இல் கண்டறியப்பட்டு 2009இல் உற்பத்தி தொடங்கிய மங்களா வயலின் கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். சாதாரண வெப்பநிலையிலேயே அது உறைந்துவிடும். ஆகவே குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கி.மீ. நீளும் குழாயை முழுத் தொலைவுக்கும் மின்சாரத்தால் சூடேற்றி, எண்ணெயை 65 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்கிறார்கள்.

எல்லைச் சாலைகளில் பலவற்றை எல்லைச் சாலைகள் அமைப்பு போட்டது. இன்று பஞ்சாபையும் குஜராத் துறைமுகங்களையும் இணைக்கும் அமிர்தசரஸ் - ஜாம்நகர் விரைவுச் சாலையே முதன்மைத் திட்டம். அதன் ராஜஸ்தான் பகுதி 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. பார்மேர் அருகே 925ஏ தேசிய நெடுஞ்சாலையின் 3 கி.மீ. நீளம் 2021 செப்டம்பர் முதல் போர் விமானங்கள் அவசரத்துக்கு இறங்கும் ஓடுதளமாகவும் பயன்படுகிறது.

1930களில் ஐரோப்பாவிலிருந்து கராச்சி வழியாகக் கிழக்கே பறந்த இம்பீரியல் ஏர்வேஸ், கே.எல்.எம். விமானங்கள் ஜோத்பூரில் இறங்கிச் சென்றன. இப்போது ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் மூன்றிலும் பயணிகள் விமானங்கள் விமானப்படைத் தளங்களையே பயன்படுத்துகின்றன. ஜெய்சல்மேர் சேவை சுற்றுலாவை நம்பியிருப்பதால், குளிர்காலத்தில் பெருகிக் கோடையில் பெரிதும் குறைந்துவிடும்.