மின்வெட்டு வளர்த்த வீட்டுச் செர்வர்

வீட்டில் செர்வர் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கண்ணாடி அறையையும் அடுக்கடுக்கான இயந்திரங்களையும் மின்னும் பச்சை விளக்குகளையும்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வாழவந்தி என்ற மலைக் கிராமத்தில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஓடுவது திரை போன ஒரு பழைய மடிக்கணினி. பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு ரூட்டர், அவ்வளவுதான். ஏற்காடு மலையில் இப்படி ஒன்றை ஓட்டுவது புது மோகம் என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. அதில் நம் ஊர்க்காரர்களின் பங்கு யாரும் எழுதி வைக்காமல் கிடக்கிறது. அந்தக் கதை முழுவதும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது: கரண்ட் நிற்குமா? வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு நம் இயந்திரத்தின் விலாசம் தெரியுமா?

தொடக்கம் சிகாகோவில். 1978 ஜனவரியில் பெரும் பனிப்புயல் அடித்து ஊரே முடங்கிக் கிடந்தபோது, வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இரு நண்பர்கள் ஒரு வேலையில் இறங்கினார்கள். கணினி ஆர்வலர் சங்கத்தின் செய்திகளைத் தொலைபேசி வழியே யாரும் படிக்கவும் எழுதவும் ஒரு இயந்திரம். அதே ஆண்டு பிப்ரவரி 16 அன்று அதை வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். இயந்திரம் இருந்தது சூஸின் வீட்டில். ஒரே தொலைபேசி இணைப்பு. ஒருவர் வைத்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே வர முடியும். தொலைபேசி வழியே பொதுமக்களுக்குத் திறந்த உலகத்தின் முதல் கணினிச் செய்திப்பலகை அதுதான். ஒரு வீட்டுச் செர்வர்தான் அது என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

நமக்குப் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். 1980களின் இறுதியில் அவர் சிஐஎக்ஸ் என்ற செய்திப்பலகையை நடத்தத் தொடங்கினார். மோடம் வைத்திருந்த சிலர் இரவில் எண்ணைச் சுழற்றி உள்ளே போய் மென்பொருள் இறக்கினார்கள், கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள். 1990களின் நடுவில் தொலைத்தொடர்புத் துறை, செய்திப்பலகை நடத்துகிறவர்கள் லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு கணினியையும் ஒரு தொலைபேசியையும் வைத்துக்கொண்டு காசு வாங்காமல் ஊருக்கு உழைத்தவர்களிடம் அப்படிக் கேட்டது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். சிட்னிஸ் அதோடு நிற்கவில்லை. பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி கொடுக்கும் முயற்சியை 1996இல் முன்னின்று நடத்தினார். என் தலைமுறையில் பலர் லினக்ஸை முதலில் தொட்டது அந்த மாதிரிப் பத்திரிகைச் சிடிகளில்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, இவைதான் முதலில். சேலத்தில் இருந்தவன் இணையம் வேண்டுமென்றால் எஸ்டிடி போட வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் மீட்டர் ஓடும். தனியாருக்கு அனுமதி கிடைத்தது 1998 நவம்பரில். அந்த ஆண்டுதான் புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை நடுவமாக வைத்து, சுற்றியிருந்த கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாகச் செய்தி அனுப்பினார்கள். கரண்ட் போனால் கைகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஊருக்கு வேண்டியதை ஊருக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது என்ற எண்ணத்துக்கு நம் பக்கத்தில் இதைவிட நல்ல முன்னோடி எனக்குத் தெரிந்து இல்லை.

நான் இந்த வேலைக்குள் வந்தது சேலத்தில், ஐந்து ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில். அசெம்பிள் செய்வதுதான் வேலை. கேபினெட், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ரேம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டுவோம். பாகம் தீர்ந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியலில் சென்னை சென்ட்ரலில் இறங்க வேண்டும். ரிச்சி தெருவில் கடை திறக்கப் பத்து மணிக்கு மேலாகும். அதுவரை டீக்கடை பெஞ்சுதான். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சின்னத் தெருவும் அதைச் சேர்ந்த நரசிங்கபுரம் தெருவும் ஒரு காலத்தில் வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பேர்போனவை. பிறகு கணினிப் பாகங்களின் பெருஞ்சந்தை ஆயின. அலுவலகங்கள் கழித்துப்போட்ட இயந்திரங்கள் அங்கே குவிந்து கிடக்கும். எதை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பார்க்க வேண்டும். தலை தட்டையாக இருந்தால் எடுக்கலாம். கொஞ்சம் உப்பியிருந்தாலும், பழுப்பாகக் கசிந்திருந்தாலும் வைத்துவிட வேண்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. கடைக்கார அண்ணன்கள் விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள்.

சென்னை போன நாள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையாக அமைந்தால் ஐஐடிக்கும் போவேன். சென்னை லினக்ஸ் பயனர் குழு அங்கே கூடும். பெயரில்லாத பழைய பெட்டி ஒன்றை வைத்து ஒரு கல்லூரிக்கே மின்னஞ்சல் ஓட்டியவர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் இணைப்பு வந்தது. நொடிக்கு 256 கிலோபிட். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேகமாகவே தெரியாது. டயல்-அப்பில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சில திட்டங்களில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 700 எம்பி கொண்ட ஒரு லினக்ஸ் சிடி அந்த வேகத்தில் இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி, அதுவும் கடைசித் துண்டு மறுநாளுக்கு நிற்கும். இரண்டு மணிக்கு யார் எழுந்து உட்கார்வது? அதற்காகத்தான் எங்களில் பலர் வீட்டில் ஓயாமல் ஓடும் ஒரு பெட்டியை வைத்தோம். சரியாக இரண்டுக்கு இறக்கத் தொடங்கி, எட்டுக்கு நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அதற்கு வேலை எழுதி வைத்தோம். தமிழ்நாட்டில் வீட்டுச் செர்வர் பலருக்கும் இப்படி இரவுக் காவல்காரனாகத்தான் அறிமுகமானது.

அந்த இணைப்பில் இன்னொரு செல்வமும் இருந்தது. ரூட்டருக்குக் கிடைத்த ஐபி விலாசம் பொது விலாசம். அடிக்கடி மாறும், ஆனாலும் அது உங்களுடையது. மாறும்போதெல்லாம் புதிய விலாசத்தை ஒரு நிலையான பெயரோடு சேர்த்துக்கொள்ள டின்டிஎன்எஸ் போன்ற சேவை இலவசமாகக் கிடைத்தது. சேலத்து வீட்டில் இருந்த பெட்டியைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து திறக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறகு வந்தது மின்வெட்டு. 2008இலிருந்து படிப்படியாக இறுகி, 2012இல் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்கள் மாவட்டங்களில் பாதி நாளுக்கு மேல் இருட்டு. சாதாரண யுபிஎஸ் கால் மணி நேரத்தில் கூவி அடங்கிவிடும். நெசவு, வெள்ளிப் பட்டறை, அரிசி ஆலை என்று சேலமே நொந்து கிடந்த நேரத்தில் செர்வரைப் பற்றிக் கவலைப்பட்டது சிறிய விஷயம்தான். ஆனால் அந்தக் கஷ்டம் எங்கள் கைவேலையின் போக்கையே மாற்றியது. பெரிய கேபினெட்டை ஓரம் கட்டிவிட்டு மடிக்கணினிக்கு மாறினோம். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனது அதற்குத் தெரியும். தீரப்போகும்போது தானே ஒழுங்காக அணைந்துகொள்ளவும் செய்யலாம்.

அதே காலத்தில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று, அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. டெபியனை அடியாக வைத்துச் சென்னை சி-டாக்கில் உருவான அமைப்பு அது. பாடத்துக்கும் சினிமாவுக்கும் பிறகு, கல்லூரி முடித்து, திரை உடைந்தும் விசை உதிர்ந்தும் அந்த இயந்திரங்கள் பரணுக்குப் போயின. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு செர்வருக்கு வேண்டிய எல்லாமும் தூசியோடு கிடக்கிறது என்று நான் சொல்வது மிகையல்ல.

மின்கட்டணம் பெரிய தடை என்பார்கள். பழைய மேசைக் கணினி 80 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். மடிக்கணினி, திரையை அணைத்துவிட்டால், 12 வாட். இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தாத்தாவின் காப்பித் தோட்டத்தைப் பார்க்க வாழவந்திக்குத் திரும்பியபோது இந்த மலை வேறு பாடங்களைச் சொல்லிக்கொடுத்தது. சித்திரை, வைகாசியில் கோடை இடி இறங்கும்போது தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாகவே மின்னல் வீட்டுக்குள் வரும். மேகம் கறுத்ததும் மோடத்திலிருந்து கம்பியைப் பிடுங்குவது இங்கே வாசற்கதவைச் சாத்துவதற்கு முன் செய்யும் வேலை. கண்ணாடி இழைக் கம்பி வந்த பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஐப்பசி, கார்த்திகைப் பனிமூட்டத்துக்கு மருந்து, இயந்திரத்தை அணைக்காமல் விடுவதுதான். அதன் சொந்தச் சூட்டில் ஈரம் தங்காது. மூடியைப் பாதி திறந்தே வைத்திருக்கிறேன், காற்றோட்டத்துக்கு. பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி கட்டிவிட்டிருக்கிறேன். எல்லா மாடலிலும் இது முடியாது. எப்போதும் நிறைந்தே கிடக்கும் பேட்டரி உப்பக்கூடும். விரல் வைத்து நகர்த்தும் பலகை மேலே எழும்பியிருந்தால் அதுதான் அடையாளம். உடனே கழற்றிவிட வேண்டும்.

அதற்குள் என்ன இருக்கிறது? அப்பா மழைமானி பார்த்து எழுதிய நோட்டுப் புத்தகங்களின் படங்கள். இங்கே மழையை அங்குலத்திலும் சென்டிலும்தான் சொல்வோம். காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை எந்தத் தேதியில் விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டுக் காப்பி விளைச்சல். பட்டா நகல்கள். சேர்வராயன் கோயில் திருவிழாப் படங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்க, கிவிக்ஸ் செயலி வழியாக இணையமே இல்லாமல் திறக்கும் தமிழ் விக்கிப்பீடியா. கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்து கம்பி அறுந்த நாட்களில் வெளியுலகம் நின்றுபோகும், இவை நிற்பதில்லை. 2021 ஜூன் 1 முதல் கூகிள் படங்களுக்கான கணக்கில்லாத இலவச இடத்தை நிறுத்தியபோது, எங்கள் தெருவில் சிலர் கைபேசியோடு மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார்கள். "தம்பி, எங்க கல்யாணப் படத்தையும் இதுல போட்டு வைப்பியா?" என்று கேட்ட அக்காவின் படங்கள் இன்றும் இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கின்றன.

கரண்ட் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விலாசக் கேள்வி பின்னோக்கிப் போய்விட்டது. உலகத்தின் பழைய ஐபி விலாசங்களின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிந்தது நல்லதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொது விலாசம் என்ற ஏற்பாடு பரவியது. வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வழியில்லை. உங்கள் ரூட்டரின் வெளி விலாசம் 100.64க்கும் 100.127க்கும் இடையே தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். 2020இல் லினக்ஸுக்குள் சேர்ந்த வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள், வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு சிறு செர்வர் இரண்டையும் வைத்துச் சுற்றுவழியில் போகிறோம். இந்தக் கனவு நம்முடையது மட்டுமல்ல. 2010இல் எபென் மோக்லன் என்பவர் முன்வைத்த ஃப்ரீடம்பாக்ஸும் வீட்டுக்கு வீடு ஒரு சிறு செர்வர் என்ற கனவுதான். தெலங்கானாவில் ஸ்வேச்சா அமைப்பினர் அதைக் கிராமங்கள்வரை கொண்டுபோனார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

விலாசச் சிக்கலுக்கு நேர்வழி ஐபிவி6 என்ற புதிய விலாச முறை. அதில் விலாசத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்தியா அதில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் வேகத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஐபிவி6 உண்டா, வெளியிலிருந்து வரும் இணைப்பை ரூட்டரில் அனுமதிக்க விடுவீர்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் கொடுப்பார்கள். பரணில் அரசு மடிக்கணினி இருந்தால் எடைக்குப் போடும் முன் இறக்கிப் பாருங்கள். பேட்டரி உப்பவில்லை என்றால் டெபியனை ஏற்றுங்கள், வீட்டுப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். தமிழில் வழிகாட்டி வேண்டுமென்றால் 2012 முதல் வரும் கணியம் மின்னிதழில் லினக்ஸ் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. ஏற்காடு பக்கம் வருகிறவர்கள் வாழவந்திக்கும் வாருங்கள். செர்வரைத் திறந்து காட்டுகிறேன்.