பாலாற்று நீரை அளந்த கதை

நீரின் தூய்மையை அறிய நம் ஃபிக்ஹு நூல்கள் கற்றுத்தரும் அடையாளங்கள் மூன்று: நிறம், சுவை, மணம். இரண்டு குல்லத் அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், இம்மூன்றில் ஒன்றேனும் மாறாதவரை அது உளூவுக்கு உகந்ததே என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். காசு செலவில்லாத சோதனை இது. பாலாற்றுக்கு நேர்ந்த கேடும் நாவுக்குத் தெரியக்கூடியதே: உப்பு.

கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு வாணியம்பாடி, ஆம்பூர், செங்கல்பட்டு வழியே வந்து, மாமல்லபுரத்திற்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். ஆயினும் அம்மணலுக்கு அடியில் ஊறும் நீரையே செங்கல்பட்டுப் பகுதியில் நாம் குடித்து வருகிறோம்.

ஆற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அதில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது, அதை மறைப்பதற்கில்லை. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவர். ஊறவைத்துக் கழுவுகையில் அவ்வுப்பு வெளியேறும்; பதனிடுகையில் குரோமியமும் சேரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. உழவரின் நாக்கு அறிந்த கரிப்பு எண்ணாக மாறிய பிறகே வழக்கில் எடுபட்டது. அந்த எண்ணைப் பெற ஒரு பல்கலைக்கழகம் வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் இதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

இன்றோ சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. வேறு நீரே இல்லையெனில் 2000 வரை.

மலக்கழிவை நாவும் அறியாது, மீட்டரும் அறியாது. அதற்கு மஞ்சா, மௌரியா, ராவ் என்னும் இந்திய ஆய்வாளர் மூவர் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் எளிய வழியை வெளியிட்டனர். மருந்தூட்டிய காகிதத் துண்டு உள்ள புட்டியில் நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரவு வைக்க வேண்டும். நீர் கறுத்தால் ஐயத்துக்குரியது. பள்ளிவாசல் கிணற்று நீர் அப்படிக் கறுத்தால் உளூவின் சட்டம் வேறு, குடிப்பது வேறு. குடிப்பதற்குக் கொதிக்க வைத்தே தீர வேண்டும். இயற்கையாகவே கந்தக வாடையுள்ள கிணறுகளில் மலக்கலப்பு இல்லாமலும் கறுக்கும். குரோமியத்தை இவ்விரு சோதனைகளும் காட்டா. அதற்கு ஆய்வகத்துக்கே மாதிரி அனுப்ப வேண்டும்.