எண்ணும் காரணமும்: நாட்பட்ட நோய்சார் இரத்தசோகையின் ஆய்வகக் கண்டறிதல், குன்னூர் முதல் கிருஷ்ணகிரி வரை

இரத்தசோகையை அளப்பதும் அதன் காரணத்தை அறிவதும் வெவ்வேறு பணிகள். ஒரு துளிக் குருதியில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை மிக எளிய கருவியே காட்டிவிடும். அக்குறைவு இரும்புச்சத்தின் பற்றாக்குறையால் நேர்ந்ததா, காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மூட்டழற்சி, புற்று போன்ற நாட்பட்ட நோயின் விளைவா என்பதை அக்கருவி கூறாது. தமிழகத்தில் இவ்விரு பணிகளுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் குறையாமல் இருந்து வந்துள்ளது. அதன் விளைவைத் தொழிற்பேட்டையும் வேளாண் சிற்றூர்களும் கலந்து கிடக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பம்பாய், குன்னூர், சென்னை

இந்திய இரத்தசோகை ஆய்வு ஒரு தொழில்நகரத்தில் வேர்கொண்டது என்பது பெரிதும் கவனிக்கப்படாத செய்தி. 1928இல் இலண்டனிலிருந்து வந்த மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடுஞ்சோகையை ஹாஃப்கைன் நிறுவனத்தில் ஆராய்ந்தார். 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அப்பணியைத் தொடர்ந்தார். ஊட்டச்சத்து ஆய்வின் இயக்குநராக இராபர்ட் மெக்காரிசன் அப்போது அங்கிருந்தார். 1931இன் தொடக்கத்தில் வில்ஸ், இன்று அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் சென்னைக் கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு இந்நோயைக் குணமாக்குவதை அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு கிளை உண்டு. குறையுணவு தந்து வளர்க்கப்பட்ட வெள்ளெலிகளுக்குச் சோகை உண்டானதை வில்ஸும் மேத்தாவும் 1930இல் பதிவு செய்தனர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே ‘பார்டோனெல்லா சோகை’ என்னும் சொல் இடம்பெற்றது. பேன்வழிப் பரவும் அக்கிருமி எலிகளின் சிவப்பணுக்களைத் தாக்குவது. உணவுக் குறை, தொற்று ஆகிய இரண்டில் எது சோகையை விளைவித்தது என்னும் கேள்வி எலிக்கூண்டிலேயே எழுந்துவிட்டது. அது சிவப்பணுவை நேராகச் சிதைக்கும் தொற்றாதலால் இங்குக் கருதப்படும் நாட்பட்ட நோய்சார் சோகையோடு ஒன்றாகாது. ஆயினும் இரு காரணங்கள் ஒரே உடலில் கூடும்போது ஓர் அளவு போதாது என்பதற்கு இதனினும் முற்பட்ட சான்று தேடவேண்டியதில்லை.

எனினும் அடுத்துவந்த பத்தாண்டுகளில் நிலைத்தது உணவுக் குறை என்னும் விளக்கமே. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலியோர் வடார்க்காட்டுச் சிற்றூர்களில் பரவிய ஸ்ப்ரூ என்னும் குடல்நோயை 1960களில் ஆராய்ந்து, குடலின் உறிஞ்சுதிறன் கெடுவதும் சோகைக்கு வழி என நிறுவினர். தில்லியிலும் வேலூரிலும் உலக நலவாழ்வு நிறுவனம் நடத்திய கூட்டாய்வு 1975இல் வெளிவந்தது. அதன் பொருளும் கருவுற்ற பெண்களின் சோகையே. இவை யாவும் உயர்தர ஆய்வுகள். இவற்றின் திரண்ட விளைவாகவே, சோகை என்பது பெண்ணின் நோய், உணவின் நோய் என்னும் கருத்து ஆட்சி நிருவாகத்தில் உறைந்தது எனலாம்.

ஆய்வகத்தின் மொழி

மருத்துவமனைகளில் நீண்டகாலம் வழங்கியது ஹெர்மன் சாலி 1902இல் வடிவமைத்த அளவுக்குழாய். 20 மைக்ரோலிட்டர் குருதியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுப் பழுப்பு நிறமாக்கி, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, நிறக்கண்ணாடியோடு ஒப்பிட்டுக் கண்ணால் அளவு காண்பதே அம்முறை. பார்ப்பவரின் கண்ணுக்கும் அறையின் வெளிச்சத்துக்கும் ஏற்ப விடை மாறும். இதனினும் துல்லியமான சயன்மெத்ஹீமோகுளோபின் முறையை அனைத்துலகக் குழு 1960களில் தர அளவாக்கியது. 1956க்குப் பின் கூல்ட்டரின் எண்ணுகருவி பரவி, சிவப்பணுவின் பருமனும் வழக்கமான அறிக்கையில் இடம்பெற்றது.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் கார்ட்ரைட்டும் மேக்ஸ்வெல் வின்ட்ரோபும் தொற்றுநோயாளரின் சோகையைத் தனிவகையாக இனங்கண்டனர். 1966இல் கார்ட்ரைட் அதனை நாட்பட்ட கோளாறுகளின் சோகை என வகுத்தார். இவ்வகையில் குருதியில் இரும்பு குறைந்திருக்கும். உடலின் சேமிப்பில் இரும்பு இருக்கும். காரணம் 2000க்குப் பின்னரே விளங்கியது. அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6, கல்லீரலில் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரைப் பெருக்குகிறது. ஹெப்சிடின், உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலாகிய ஃபெரோபோர்ட்டினை அடைத்துவிடுகிறது. குடலும் இரும்பை உள்ளே விடுவதில்லை. இந்நிலையில் இரும்பு மாத்திரையின் பயன் குறைவு. சிறுநீரக நோயிலோ, சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினே குறைந்துபோகிறது.

இவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை போதாது. இரும்புக் குறையில் இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன் உயரும். நாட்பட்ட நோயில் அது தாழும். 1972இல் ஃபெரிட்டினைக் குருதியில் அளக்கும் முறை வந்தபோது சிக்கல் தீர்ந்தது எனக் கருதப்பட்டது. ஆனால் ஃபெரிட்டினும் அழற்சியில் உயர்வது. இரும்பே அற்ற நோயாளியிடமும் காய்ச்சலோ காசமோ இருப்பின் அது இயல்பளவில் தோன்றும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் இதற்கு இடங்கொடுத்தது: நலமுள்ள பெரியவரிடம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைவு என்னும் வரம்பு, தொற்றோ அழற்சியோ உள்ளவரிடம் 70 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதத்தை உடன் அளக்காமல் ஃபெரிட்டினைப் படிக்க இயலாது. எலும்பு மச்சையை எடுத்துப் பிரஷ்ய நீலச் சாயமிட்டு இரும்பைக் காணும் பழைய முறையே ஐயத்துக்கு இறுதி விடை. அது எல்லா நோயாளிக்கும் செய்யத்தக்கதன்று.

எல்லைப்பகுதி

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து ஓசூரின் வளர்ச்சி விரைவுபெற்றது. தர்மபுரியிலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனிமாவட்டமானது. இரத்தசோகை குறித்து இங்கு அரசு வழியாக அறியப்படுவது தேசியக் குடும்பநல ஆய்வின் எண்களே. 1998-99 முதல் அவ்வாய்வு விரல்நுனிக் குருதியைக் கையடக்கக் கருவியில் அளந்து வந்தது. 2019-21இல் 15 முதல் 49 வயதுவரையான தமிழகப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுடையோர் எனக் கண்டது. நாடளவில் பெண்களுக்கு 57.0, ஆண்களுக்கு 25.0 விழுக்காடு. கால்பங்கு ஆண்கள் என்பது சிறு எண்ணன்று. அவர்களிடம் சோகையின் காரணம் எது என்று கேட்கும் பொறுப்பு அவ்வாய்வுக்கு இல்லை.

2018இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டம், உணவு சாராக் காரணங்களாக மலேரியா, ஹீமோகுளோபின் கோளாறுகள், ஃபுளோரோசிஸ் ஆகிய மூன்றைச் சுட்டுகிறது. மூன்றாவது இம்மாவட்டத்துக்கு நேரே உரியது. நிலத்தடி நீரின் ஃபுளோரைடை எதிர்கொள்ளவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் இரு மாவட்டங்களுக்கும் செயற்பாட்டுக்கு வந்தது. காசநோய், சிறுநீரக நோய், நீரிழிவு ஆகியவை அப்பட்டியலில் இல்லை.

இவ்விடுபாட்டின் பொருள் 2021 ஆகஸ்ட் 5இல் கூர்மைபெற்றது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை முதலமைச்சர் அன்று கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைத்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோருக்கு மருந்தும், சிறுநீரக நோயாளருக்கு வயிற்றறை டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே சென்றன. நாட்பட்ட நோயுடையோரின் பெயர்கள் வீடு வாரியாகத் திரட்டப்பட்ட நிலை இது. சோகைத் திட்டமோ பள்ளி மாணவியையும் கருவுற்ற பெண்ணையும் தேடுகிறது. ஐம்பது வயது நீரிழிவாளரின் களைப்பு இரண்டு பட்டியல்களுக்கும் இடையே விழுகிறது. அவருக்கு இரும்பு மாத்திரை தரப்பட்டு, ஹீமோகுளோபின் உயராவிடில், ‘ஒழுங்காகச் சாப்பிடவில்லை’ என்னும் பழியே மிஞ்சும். சிறுநீரகம் சிதைந்துவருவதற்கான அறிகுறி அதற்குள் கைநழுவும்.

எல்லை என்பதும் ஆய்வகத்தைப் பாதிக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஃபெரிட்டினை ஒரு மாநிலத்திலும் அழற்சிச் சோதனையை இன்னொரு வாரம் மற்றொரு மாநிலத்திலும் செய்துகொள்ளும் நோயாளிக்கு இரு தாள்களும் தனித்தனியே சரியானவையாக இருக்கும்; சேர்த்துப் படிக்க உதவா.

ஃபெரிட்டினையும் சி-எதிர்வினைப் புரதத்தையும் சேர்த்தளந்த பேராய்வு நாட்டில் நடந்ததில்லை என்று கூற முடியாது. 2016-18இல் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நரம்புக் குருதியை எடுத்து இரண்டையும் அளந்தது. அது கருதியது பிறப்பு முதல் 19 வயது வரையிலானோரை மட்டுமே.