கம்பி சொன்ன சூடு

பழைய குண்டு பல்பு எப்போது ஃபியூஸ் போகும்? பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் அந்த நொடியில்தான். ஆறிக்கிடக்கும் இழைக்கு மின்தடை குறைவு. மின்சாரம் ஒரேயடியாகப் பாயும். எரியும்போது அதே இழையின் தடை பத்து மடங்குக்கும் மேல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் இதை 'ரெஸிஸ்தான்ஸ்' என்று மனப்பாடம் செய்தோம். அதற்குள் இருந்த கதையை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

1860-ஆம் ஆண்டு. ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடுவதற்கான கடலடித் தந்தி கேபிளைக் கப்பலில் சுருள் சுருளாக ஏற்றியிருந்தார்கள். செம்புக் கம்பியின்மேல் குட்டா பெர்ச்சா என்ற மரப்பால் உறை. சூடேறினால் உறை இளகிவிடும், கேபிள் பாழ். அத்தனை அடுக்குகளுக்கு நடுவே வெப்பமானியை வைத்து யார் படிப்பது?

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வில்லியம் சீமன்ஸ், அடுக்குகளுக்கு இடையே செம்புக் கம்பிச் சுருள்களைச் செருகி, வெளியிலிருந்தே தடையை அளந்தார். ஒரு டிகிரி ஏறினால் செம்பின் தடை நூற்றுக்குச் சுமார் 0.4 கூடும். உள்ளே சூடு ஏறுகிறது என்று கம்பி சொன்னது. குளிர்ந்த நீரை ஊற்றிப் பார்த்தார்கள். வெதுவெதுப்பாக வெளியே வந்தது.

1871-இல் அதே யோசனையைப் பிளாட்டினக் கம்பிக்குக் கொண்டுபோனார். உலையின் சூட்டையே அளக்கலாம் என்றார். பிரிட்டிஷ் அசோசியேஷன் ஒரு குழு போட்டுச் சோதித்தது. உலையில் காய்ந்து ஆறிய கம்பி பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 1874-இல் குழுவின் அறிக்கை பாதகமாக வந்தது, கருவி மதிப்பிழந்தது. 1883-இல் சீமன்ஸ் காலமானார்.

பிறகு கேம்பிரிட்ஜில் ஹியூ காலெண்டர் என்ற இளைஞர் அதைக் கையிலெடுத்தார். முதலில் கிரேக்கமும் லத்தீனும், பிறகு கணிதமும் படித்தவர். குற்றம் பிளாட்டினத்தில் இல்லை, அதைச் சுற்றியிருந்த களிமண்ணிலும் இரும்புக் குழாயின் வாயுக்களிலும்தான் என்று கண்டார். அழுக்கும் இழுப்பும் படாமல் காத்தால், கம்பி எத்தனை முறை காய்ந்தாலும் அளவு மாறாது என்று 1887-இல் நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 24.

1927-இல் சர்வதேச வெப்ப அளவுகோலை வகுத்தபோது, மைனஸ் 190 முதல் 660 டிகிரி வரை அளக்கப் பிளாட்டினக் கம்பியையே உலக நாடுகள் ஏற்றன. இன்று ஆலைகளில் இருக்கும் சாதாரணப் பிளாட்டின உணரி, பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், நூறு டிகிரியில் 138.5 ஓம் காட்டும்.

வாழ்நாளெல்லாம் கோப்புகளோடு இருந்தவன் நான். பாதகமான குறிப்பு விழுந்த கோப்பை யாரும் மறுபடி திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். காலெண்டர் திறந்தார். சீமன்ஸ்தான் அதைப் பார்க்க இல்லை.