கொசுவமும் உரிமையும்

சேலைக் கொசுவத்துக்கும் மனித உரிமைக்கும் என்ன தொடர்பு என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. இடுப்பைச் சுற்றியது போக எஞ்சும் துணியை விரல்களால் மடித்துச் செருகுவதே கொசுவம். எஞ்சும் துணி இல்லாதவருக்குக் கொசுவமும் இல்லை. வயலில் குனிந்து நிமிர்ந்து உழைத்த நம் பாட்டிமார், நடைக்கும் வேலைக்கும் தடையின்றி அதனைப் பின்புறம் அமைத்தனர். பின்கொசுவம் என்பது அக்கட்டின் பெயர்.

நாம் வாழும் ரமணாசிரமப் பகுதியில் கோவண உடைக்குத் தனி மதிப்பு உண்டு. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், உடுத்திருந்த வேட்டியைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்டார். அவரே பின்னர் ரமண மகரிஷி எனப் போற்றப்பட்டார். அது அவர் தாமே விரும்பித் துறந்தது. பிறர் கட்டளைக்கு அஞ்சி அரையாடையோடு நின்ற நம் முன்னோரின் நிலையைத் துறவு என்று எவரும் கூறார்.

ஆடைத் தடைகளின் வரலாறு நீண்டது. திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859இல் வெளியான அரச அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைக்க இசைந்தது. எனினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்றும் விதித்தது. துணியைவிடத் துணியை உடுத்தும் முறையே ஆதிக்கத்தாரை உறுத்தியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1927 டிசம்பரில் மகாத் நகரில் கூடிய மகளிரிடம் அண்ணல் அம்பேத்கர் இதனைத் தெளிவுபடுத்தினார். சேலையை முழங்காலளவு ஏற்றிக் கட்டுவது தீண்டாமையின் அடையாளமாக இருப்பதை எடுத்துரைத்து, அதனை மாற்றுமாறு வேண்டினார். அம்மகளிர் காலம் தாழ்த்தாது கணுக்கால்வரை தழையக் கட்டினர்.

நம் தமிழகத்திலோ, 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை அணியலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியலாகாது. குடையும் செருப்பும் கூடா. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், பொது இடத்தில் புத்தாடை உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

உங்கள் வீட்டு முதியோரிடம், அந்நாளில் எதனை உடுத்தினீர்கள், எதனை உடுத்த அஞ்சினீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதப்படாத வரலாறு, அதை அறிந்தவரோடு மறைந்துவிடும்.