இலண்டன் இல்லத்தில் திமிஷ்க் ஓடுகள்

இலண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில், ஹாலந்து பார்க் சாலையில், லெய்ட்டன் இல்லம் என்னும் செங்கல் வீடு உள்ளது. ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டனுக்காக ஜார்ஜ் எய்ச்சிசன் என்னும் கட்டடக் கலைஞர் 1860களின் நடுவில் எழுப்பத் தொடங்கியது அது. வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்து அந்நாட்டுச் சட்டம் அதனைக் காத்து வருகிறது. வெளிமுகப்பு மிக அடக்கமானது. உள்ளே செல்வோரையோ நீலம் பொலியும் ஒரு கூடம் வியப்பில் ஆழ்த்துகிறது.

'அரபுக் கூடம்' எனப் பெயர் பெற்ற அப்பகுதி, 1877இல் தொடங்கப்பெற்று 1880களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலுள்ள லா ஸிஸா அரண்மனையே அதற்கு முன்மாதிரி. நார்மானிய மன்னர்களுக்காக 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மாளிகையின் பெயரே 'அஸீஸ்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். மேலே குவிமாடம், நடுவே ஒரே கரும்பளிங்குக் கல்லில் குடைந்த நீரூற்றுத் தொட்டி, சுவரெங்கும் திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரிலிருந்து வந்த மெருகிட்ட ஓடுகள். குறைந்த இடங்களுக்கு வில்லியம் டி மோர்கன் புதிய ஓடுகள் சுட்டுத் தந்தார். பழையதும் புதியதும் வேறுபாடு தெரியாவண்ணம் அவை இணைந்துவிட்டன.

சுவரில் நீண்டு செல்லும் ஓட்டு வரிசையொன்றில் சூரத்துர் ரஹ்மானின் தொடக்க வசனங்கள் உள்ளன. மனிதனுக்குத் தெளிவுறப் பேசக் கற்பித்த பேரருளைக் கூறும் வசனங்கள் அவை. அரபு அறியாதார் கண்ணுக்கு அவை அழகிய கோடுகள் மட்டுமே. பேச்சைப் பற்றிய திருமொழி, விருந்துக் கூடத்தில் பேச்சற்ற அலங்காரமாய் நின்றதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கிறது.

இவ்வோடுகள் வந்த வழியையும் நாம் அறிதல் வேண்டும். அவற்றைத் தேடித் தந்தோருள் ஒருவர், திமிஷ்கில் ஆங்கிலேயத் துணைத் தூதராக இருந்த ரிச்சர்ட் பர்ட்டன். லெய்ட்டனுக்காக ஒரு வீட்டையே இடிக்கச் செய்யவும் தாம் ஆயத்தம் என்று 1871இல் அவர் கடிதம் எழுதினார். நண்பர்க்குள் எழுந்த நகைச்சுவை எனினும், அக்காலத்து மனப்போக்கை அது காட்டிவிடுகிறது. ஓரிடத்துச் சுவரின் இழப்பே பிறிதோரிடத்துச் சுவரின் எழில்!

லெய்ட்டன் அவ்வோடுகளை மதித்துப் பதித்தார் என்பதில் ஐயமில்லை. அவரது அன்பினால் அவை ஓரிடத்தில் திரண்டு நிலைத்தன. ஆயினும் உரிமையாளர், கட்டடக் கலைஞர், மோர்கன் ஆகியோரின் பெயர்களை வரலாறு குறித்து வைத்திருக்க, திமிஷ்கின் சூளையருகே நின்று அந்நீலத்தை வடித்தெடுத்தோரின் பெயர் அங்கில்லை. சுவரைக் காக்கும் சட்டம் நன்று. அச்சுவருக்கு உயிர் தந்த கைகளை நினைவில் வைப்பது நம் கடன்.